ஸ்கேனர் வந்த பிறகும் எண்ணத்தான் வேண்டியிருக்கிறது: ஒரு கையிருப்பு மென்பொருள் பற்றிய மதிப்புரை

பினாங்கு லிட்டில் இந்தியாவில் மளிகைச் சாமான்களையும் பூஜைப் பொருள்களையும் சில்லறையாகவும் மொத்தமாகவும் விற்கும் கடை ஒன்றின் சரக்கறைப் பொறுப்பு என்னுடையது. ஏறத்தாழ ஓராண்டாக நாங்கள் பயன்படுத்திவரும் கையடக்க பார்கோடு ஸ்கேனரையும், அதனுடன் மாதச் சந்தாவில் வந்த கையிருப்பு மென்பொருளையும் பற்றி எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. நான் சொல்லவிருக்கும் குறைகளில் பெரும்பாலானவை, எங்களிடம் செய்து காட்ட வந்த மற்றவர்களின் மென்பொருள்களிலும் இருந்தன. அப்படியிருக்க ஒருவரை மட்டும் பெயர் சொல்லிக் குறைகூறுவது நியாயமாகாது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுதுகிற வேலை ஒழிந்தது. எண்ணுகிற வேலை அப்படியே இருக்கிறது. இதை அறிந்து வாங்குபவருக்கு இது கொடுத்த காசுக்குத் தகுந்த பொருள். பொத்தானை அழுத்தினால் கையிருப்பு திரையில் வந்து நிற்கும் என்ற விற்பனைப் பேச்சை நம்பி வாங்குபவர், சில மாதங்களிலேயே கருவியை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுப் பழைய தாளுக்குத் திரும்பிவிடுவார்.

எங்கள் கடை பழைய இரண்டு மாடிக் கடைவீடு. எங்கள் ஊரான ஜார்ஜ்டவுனின் பழைய நகரப் பகுதி 2008-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஆகவே கட்டடத்தை நினைத்தபடி இடித்துக் கிடங்கை அகலப்படுத்தும் பேச்சுக்கு இடமில்லை. முகப்பு குறுகலாகவும் உள்ளே நீளமாகவும் கிடக்கும் இக்கட்டடத்தில் முன்னால் கடை, பின்கட்டில் அரிசி பருப்பு மூட்டைகள், மரப்படி ஏறினால் ஓட்டுக்கூரைக்குக் கீழே அட்டைப்பெட்டிகள் என்று சரக்கு மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கிறது. ஊதுபத்தியில் கொஞ்சம் ரேக்கிலும், கொஞ்சம் கல்லாவுக்குப் பின்னாலும், மீதி மேல்மாடியிலும் இருக்கும்போது, எவ்வளவு இருக்கிறது என்ற எளிய கேள்விக்கு மூன்று பேரைக் கேட்டுத்தான் பதில் சொல்ல முடியும்.

ஸ்டாக் எடுப்பது, அதாவது இருக்கும் சரக்கை எண்ணிப் பதிவது என்றால் முன்பெல்லாம் கடை மூடிய பிறகு இரவில்தான். ஒருவர் ஏணியில் நின்று பொருளின் பெயரையும் எண்ணிக்கையையும் கூவுவார். கீழே நிற்பவர் கிளிப் அட்டையில் செருகிய தாளில் எழுதுவார். பிறகு அலுவலக அறையில் கணக்குப் பார்க்கும் அக்கா அந்தத் தாள்களை எக்செல்லில் ஏற்றுவார். மின்விசிறிச் சத்தத்தில் "எழுபது" என்று சொன்னது "இருபது" என்று காதில் விழும். ஒன்றும் ஏழும் ஒரே மாதிரி இருக்கும். வியர்வை பட்ட தாளில் பேனா பிடிக்காது. ஒரு வரி தவறி அடுத்த வரியில் எழுதிவிட்டால், அந்தப் பக்கத்தில் அதற்குக் கீழே உள்ள அத்தனை பொருளும் ஒரு படி இறங்கிவிடும். நல்லெண்ணெய்க்குரிய எண்ணிக்கை விளக்குத் திரியின் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். "தம்பி, இது என்ன எழுத்து, நீங்களே வந்து படிச்சுச் சொல்லுங்க" என்று அக்கா என்னைக் கூப்பிடாத ஜனவரி மாதம் கிடையாது.

இந்த வேலையின் சலிப்பு, செய்து பார்க்காதவர்களுக்கு எளிதில் விளங்காது. உடல் உழைப்பு என்று பார்த்தால் மூட்டை இறக்குவதுதான் கடுமை. ஆனால் மூட்டை இறக்கும்போது லோரி காலியாவது கண்ணுக்குத் தெரிகிறது. எண்ணி முடித்த ரேக்கோ, எண்ணுவதற்கு முன் எப்படி இருந்ததோ அப்படியே நிற்கும். மறுநாள் காலை முதல் வாடிக்கையாளர் வந்ததும் நேற்று எண்ணிய எண் பழையதாகிவிடும். கணக்கு ஒத்துப்போகவில்லை என்றால் மீண்டும் ஏணியில் ஏற வேண்டும். ஒத்துப்போனால் யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் மூட்டை தூக்கச் சொன்னால் முகம் சுளிப்பதில்லை, எண்ணச் சொன்னால் சுளிக்கிறார்கள் என்பதைப் பல முறை கவனித்திருக்கிறேன்.

செலவும் சிறிதல்ல. 2025 ஆகஸ்ட் 1 முதல் மலேசியாவில் எல்லா முதலாளிகளுக்கும் பொருந்தும் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). அதை 26 நாளால் வகுத்து, நாளுக்கு எட்டு மணி நேரம் என்று கொண்டு, கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு போட்டால் மணிக்கு 12 வெள்ளிக்குச் சற்று மேல் வருகிறது. ஆறு பேர் ஐந்து மணி நேரம் நின்றால் ஓர் இரவுக்கு ஏறத்தாழ 368 வெள்ளி, சாப்பாடு தனி. 2023 ஜனவரி 1 முதல் வார வேலைநேரத்தின் உச்சவரம்பு 48-இலிருந்து 45 மணியாகக் குறைந்திருப்பதால், "கொஞ்சம் நின்று எண்ணிவிட்டுப் போங்கள்" என்று முன்பு சாதாரணமாகச் சொன்ன அந்தக் கொஞ்ச நேரமும் இப்போது சம்பளக் கணக்கில் ஏறுகிறது. ஏற வேண்டியதுதான். எண்ணாமல் விடவும் வழியில்லை. ஆண்டு இறுதிச் சரக்கின் மதிப்பு தெரியாமல் லாபத்தைக் கணக்கிட முடியாது. வருமான வரிக்கான கணக்கு ஆவணங்களை ஏழு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பதால், அக்காவின் அலமாரியில் வியர்வைக் கறை படிந்த அந்தத் தாள்கள் இன்னும் கட்டுக் கட்டாக இருக்கின்றன.

இனி பொருளுக்கு வருகிறேன். கருவியைப் பற்றிக் குறையாகச் சொல்ல அதிகம் இல்லை. கைபேசியைவிடச் சற்றுத் தடித்த, துப்பாக்கிப் பிடி மாட்டக்கூடிய ஆண்ட்ராய்டு சாதனம் அது. கோடுகளாலான பார்கோடு, கட்டங்களாலான கியூ.ஆர். குறியீடு ஆகிய இரண்டையும் படமெடுத்துப் படிக்கும். லேசர் மட்டும் கொண்ட மலிவான ஸ்கேனர்களால் கட்டக் குறியீட்டைப் படிக்க முடியாது என்பதால், இதற்குக் கூடுதலாகக் கொடுத்த காசு வீணில்லை. ஏணியிலிருந்து சிமெண்டுத் தரையில் விழுந்தும் வேலை செய்கிறது. பேட்டரி ஒரு முழு வேலைநாளைத் தாங்குகிறது. அப்பளப் பாக்கெட்டின் சுருங்கிய பிளாஸ்டிக்கில் அச்சிட்ட பார்கோடு மட்டும் அதற்கு ஆகாது. இரண்டு கைகளாலும் பாக்கெட்டை இழுத்துப் பிடித்தால்தான் படிக்கும். அப்போது பொத்தானை அழுத்த மூன்றாவது கை வேண்டும்.

சிக்கல் மென்பொருளில் இருக்கிறது. அதைவிட அதிகமாக எங்கள் சரக்கில் இருக்கிறது. இந்தியாவிலிருந்து வரும் பாக்கெட்டுகளில் 890 என்று தொடங்கும் 13 இலக்க எண் இருக்கும். உள்ளூர்ப் பொருள்களில் 955. (அந்த முதல் மூன்று இலக்கங்கள் எண்ணை வழங்கிய நாட்டு அமைப்பைக் காட்டுமே தவிர, பொருள் எங்கே தயாரானது என்பதைக் காட்டா. வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்துவிட்டுக் கல்லாவில் வாதாடும் வாடிக்கையாளருக்கு இதை விளக்கும் பொறுப்பும் எப்படியோ என் தலையில் விழுந்திருக்கிறது.) இறக்குமதியாகும் உணவுப் பொருளில் மலேசிய இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது 1985-ஆம் ஆண்டின் உணவு விதிமுறை. அதற்காக ஒட்டப்படும் சிறிய வெள்ளைச் சீட்டு, பாக்கெட்டின் பின்புறத்தில் வெள்ளையாகத் தெரியும் ஒரே இடமான பார்கோட்டின் மேல்தான் பெரும்பாலும் வந்து உட்காருகிறது. பாதிக் கோடுகள் சீட்டுக்கு அடியில், பாதி வெளியே. நகத்தால் சுரண்டினால் சீட்டோடு பாக்கெட்டின் மையும் உரிந்து வரும்; சீட்டை எடுத்துவிட்டு விற்கவும் கூடாது. அப்போது எண்ணை விரலால் தட்ட வேண்டும். பதின்மூன்றாவது இலக்கம் சரிபார்ப்புக்கானது என்பதால் ஓர் இலக்கம் பிசகினாலும் மென்பொருள் ஏற்க மறுத்துவிடுகிறது. இது நல்ல காவல். ஆனால் எது பிசகு என்று அது காட்டாது. சீட்டுக்கு அடியில் இருக்கும் இலக்கத்தை நாம் எங்கிருந்து படிப்பது?

பார்கோடே இல்லாத பொருள்களுக்கு ஏற்பாடு பரவாயில்லை. குங்குமப் பொட்டலம், விளக்குத் திரி, நாங்களே எடைபோட்டுக் கட்டும் மிளகு சீரகம் போன்றவற்றுக்கு, கடைக்குள் மட்டும் பயன்படுத்துவதற்கென்று ஒதுக்கப்பட்ட 20 முதல் 29 வரையிலான தொடக்க எண்களில் புதிய எண் உருவாக்கி, லேபிளும் அச்சிட்டுத் தருகிறது.

எங்களை மிகவும் படுத்தியது பெட்டிக்கும் பாக்கெட்டுக்கும் இடையிலான கணக்கு. பாக்கெட்டின் மேல் இருப்பது 13 இலக்க எண்; பாக்கெட்டுகள் வரும் அட்டைப்பெட்டியின் மேல் பெரும்பாலும் 14 இலக்க எண் இருக்கும். நடுவில் உள்ள 12 இலக்கங்கள் ஒன்றேதான். முன்னால் பெட்டியின் வகையைக் காட்டும் ஓர் இலக்கம் சேர்ந்து, கடைசிச் சரிபார்ப்பு இலக்கம் மாறியிருக்கும். மனிதக் கண்ணுக்கு இரண்டும் உறவு என்று தெரிகிறது, மென்பொருளுக்குத் தெரியவில்லை. மஞ்சள்தூள் பாக்கெட் ஒரு பொருள், மஞ்சள்தூள் பெட்டி வேறொரு பொருள் என்று பதிந்துகொண்டது. வரவில் பெட்டிகள் ஏறின, விற்பனையில் பாக்கெட்டுகள் இறங்கின; மாதக் கடைசியில் பெட்டிக் கணக்கு மலையாகவும் பாக்கெட் கணக்கு பள்ளமாகவும் நின்றது. இரண்டையும் இணைத்து, ஒரு பெட்டிக்கு இத்தனை பாக்கெட் என்று சொல்ல ஓர் இடம் மென்பொருளில் இருக்கிறது. அதைப் பயிற்சி நாளில் யாரும் காட்டவில்லை. நாமே தேடிக் கண்டுபிடித்து ஒவ்வொரு பொருளாகப் பதிய வேண்டியிருந்தது. பதிந்த பிறகும் தொல்லை தீரவில்லை. ஒரு பொருளுக்கு ஒரே விகிதத்தைத்தான் அது ஏற்கும். வழக்கமாக 24 பாக்கெட் கொண்ட பெட்டியை அனுப்பும் சப்ளையர் தீபாவளி நெருக்கத்தில் 30 பாக்கெட் கொண்ட பெட்டியை அனுப்பினால், ஒவ்வொரு பெட்டியிலும் ஆறு பாக்கெட் கணக்கில் காணாமல் போகும்.

பிரித்த பெட்டி இன்னொரு வம்பு. மேல்மாடியில் பாதி காலியான பெட்டியையும் முழுப் பெட்டி என்று நினைத்து ஸ்கேன் செய்துவிட்டுப் போவது, அவசரத்தில் யாருக்கும் நேரும். அதற்கு நாங்களே ஒரு விதி வைத்தோம். பெட்டியைப் பிரிப்பவர் அதன் பார்கோட்டைத் தடித்த மார்க்கர் பேனாவால் முழுவதும் அடித்துவிட வேண்டும். அப்படி அடித்த பார்கோட்டைக் கருவி படிக்காது. வேறு வழியில்லாமல் உள்ளே கைவிட்டு ஒவ்வொன்றாக எண்ண வேண்டியிருக்கும். எங்கள் கணக்கை இந்த மார்க்கர் பேனா திருத்திய அளவுக்கு, இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளின் வேறெந்த வசதியும் திருத்தவில்லை என்று சொன்னால் அது மிகையல்ல.

சரக்கு வரும் நேரத்துக்கும் கணக்கில் ஏறும் நேரத்துக்கும் உள்ள இடைவெளியையும் சொல்ல வேண்டும். லெபோ பாசார் தெருவில் லோரி நிறுத்த இடம் கிடைப்பதே அரிது. ஓட்டுநர் டி.ஓ.வை (சரக்கோடு வரும் டெலிவரி ஆர்டர் சீட்டை) நீட்டி, "அண்ணே, சைன் போட்டுக் குடுங்க, பின்னால ஹாரன் அடிக்கிறான்" என்று அவசரப்படுத்துவார். அந்த நிலையில் பெட்டியை எண்ணி வாங்குவதே பெரிது. நின்று ஸ்கேன் செய்ய யாருக்கு நேரம்? சரக்கு உள்ளே போய்விடும். கடையில் தேவை என்று ஒருவர் பெட்டியைப் பிரித்து விற்கத் தொடங்கிவிடுவார். கணக்கில் அது மாலையில்தான் ஏறும். அதுவரை திரையில் அந்தப் பொருளின் கையிருப்பு சிவப்பு எழுத்தில் மைனஸ் என்று நிற்கும். கையிருப்பு இல்லாத பொருளை விற்கவிடாமல் தடுக்கும் வசதியும் மென்பொருளில் உண்டு. அதை அணைத்து வைத்திருக்கிறோம். பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு கல்லா முன் நிற்கும் வாடிக்கையாளரிடம், கணக்கில் இது இல்லை என்று சொல்ல முடியுமா? அதே நேரத்தில், எது எது மைனஸில் நிற்கிறது என்ற பட்டியலை இரவில் ஒருமுறை பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டோம். வரவில் ஏறாமல் விடுபட்ட டி.ஓ.க்கள் அதில் மாட்டிக்கொள்கின்றன. அந்தப் பட்டியலுக்காக மட்டுமே இந்த மென்பொருளுக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகக் கொடுப்பேன். 2024 ஆகஸ்ட் 1-இல், ஆண்டு வருமானம் 100 மில்லியன் வெள்ளிக்கு மேற்பட்ட நிறுவனங்களிலிருந்து தொடங்கிய இ-இன்வாய்ஸ் முறை அதன்பின் படிப்படியாக விரிந்ததால், எங்கள் பெரிய சப்ளையர்களின் பில்கள் இப்போது மின்வடிவில் வருகின்றன. அவற்றிலிருந்து பொருள் வரிகளை நேராக வரவில் இழுத்துக்கொள்ளும் வசதி இதில் இல்லை. திரையில் இருப்பதைப் பார்த்து இன்னொரு திரையில் தட்டுகிறோம். தாளில் எழுதிய காலத்துக்கும் இதற்கும் எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

எண்ணும் முறையில் மென்பொருள் செய்த இரண்டு நல்ல காரியங்கள் உண்டு. முதலாவது, எண்ணுபவருக்குக் கணக்கில் உள்ள எண்ணைக் காட்டாமல் மறைத்துவைக்கலாம். எங்கள் பழைய தாளில் பொருளின் பெயருக்குப் பக்கத்திலேயே கணக்குப்படி இருக்க வேண்டிய எண்ணும் அச்சாகியிருக்கும். களைத்துப்போனவர் ரேக்கைப் பார்த்து, "சரியாத்தான் இருக்கும்" என்று அதே எண்ணைப் பக்கத்தில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். அதனால் எங்கள் பழைய கணக்குகள் வியக்கத்தக்க விதத்தில் ஒத்துப்போயின. எண் மறைந்த பிறகுதான் சாம்பிராணியில் எவ்வளவு குறைகிறது என்பது வெளியே வந்தது. முதலாளி முதலில் ஸ்கேனரைத்தான் சந்தேகப்பட்டார்.

இரண்டாவது, ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் எண்ணுவதற்குப் பதிலாக ஒவ்வொரு நாளும் ஒரு சிறு பட்டியலைக் கொடுத்து எண்ணச் சொல்கிறது. வேகமாக விற்பவையும் விலை கூடியவையும் அடிக்கடி வரும்; நத்தை வேகத்தில் நகர்பவை ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் வரும். காலையில் கடை திறந்து கூட்டம் சேர்வதற்குள் ஒருவரே அதை முடித்துவிடலாம். இரவுக் கூடுதல் நேரம் முழுவதுமாக ஒழியவில்லை என்றாலும், பெருமளவு குறைந்திருக்கிறது. இந்த ஏற்பாட்டிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. எண்ணத் தொடங்கிய நொடியில் இருந்த கணக்கை மென்பொருள் பிடித்துவைத்துக்கொண்டு, எண்ணி முடித்ததை அதனோடு ஒப்பிடுகிறது. இடையில் கல்லாவில் விற்றுப்போனதை அது கழிப்பதில்லை. ஆகவே எண்ணிக்கொண்டிருக்கும்போதே நாலு சூடப் பாக்கெட் விற்றால், நாலு பாக்கெட் காணவில்லை என்று அறிக்கை வரும். அதனால்தான் கூட்டம் சேர்வதற்கு முன் முடிக்க வேண்டியிருக்கிறது. தைப்பூச, தீபாவளி வாரங்களில் காலை எட்டு மணிக்கே கூட்டம் சேர்ந்துவிடும் என்பதால், அந்த வாரங்களில் எண்ணுவதை அறவே நிறுத்திவிடுகிறோம். கணக்கு மிகவும் தேவைப்படும் வாரங்களும் அவைதான்.

எடைக்கு விற்கும் பொருள்களில் இந்த மென்பொருள் கையை விரித்துவிட்டது. மூட்டையில் உள்ள காய்ந்த மிளகாயும் டின்னில் உள்ள வெல்லமும் பினாங்கின் ஈரக்காற்றில் ஒரே எடையில் நிற்பதில்லை. உதிரியாக வாங்கும் சூடம் திறந்து வைத்த அளவில் காற்றோடு காற்றாகக் கரைந்துகொண்டே இருக்கும். கிலோ கணக்கில் வாங்கியதைக் கிராம் கணக்கில் விற்று முடித்தால் இரண்டும் ஒருபோதும் ஒத்துவராது. இயல்பான தேய்மானம் இவ்வளவு என்று ஒதுக்கிவைக்க ஓர் இடம் இருந்தால் போதும்; அது இல்லை. எல்லாக் குறைவும் "இழப்பு" என்ற ஒரே தலைப்பில் விழுவதால், திருட்டையும் தேய்மானத்தையும் பிரித்தறிய அறிக்கை உதவுவதில்லை. முதலாளியின் கண்ணில் அந்தத் தலைப்பு படும்போதெல்லாம் சரக்கறையில் வேலை செய்பவர்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

காலாவதித் தேதியின் நிலையும் திருப்தியாக இல்லை. சாதாரண 13 இலக்க பார்கோட்டில் தேதி கிடையாது. பொருள் எது என்பது மட்டுமே அதில் இருக்கிறது. தேதியையும் தொகுப்பு எண்ணையும் சேர்த்துச் சுமக்கக்கூடிய கட்டக் குறியீடுகளை, 2027 இறுதிக்குள் கடைக் கல்லாக்கள் படிக்கத் தயாராக வேண்டும் என்று பார்கோடு தரத்தை வகுக்கும் ஜி.எஸ்.1 அமைப்பு இலக்கு வைத்திருக்கிறது. எங்கள் கருவி அதற்குத் தயார். பாக்கெட்டுகள் இன்னும் தயாராகவில்லை. அதுவரை வரவில் ஏற்றும்போது தேதியைக் கையால்தான் பதிய வேண்டும். நாங்கள் எடுத்திருக்கும் சந்தாவில் ஒரு பொருளுக்கு ஒரு தேதிதான் பதியலாம். பழைய சரக்கும் புதிய சரக்கும் ஒரே ரேக்கில் இருக்கும்போது, புதிய தேதி பழையதை அழித்துவிடுகிறது. தொகுப்புவாரியாகத் தேதி வைக்க வேண்டுமானால் அடுத்த படிச் சந்தாவுக்குப் போக வேண்டும் என்றார்கள். உணவுப் பொருள் விற்கும் கடைக்கு இது அடிப்படைத் தேவை. கூடுதல் காசு வாங்கும் இடம் இதுவல்ல என்பது என் கருத்து.

லேபிள் அச்சியந்திரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அவர்கள் தருவது வெப்பத்தால் நேராகக் கறுக்கும் தாளில் அச்சிடும் வகை. குளிரூட்டிய கடைக்கு அது போதும். ஓட்டுக்கூரைக்குக் கீழே உள்ள மேல்மாடியிலும், நல்லெண்ணெய்ப் போத்தல்களுக்குப் பக்கத்திலும் அந்த எழுத்து சில மாதங்களில் மங்கிவிடுகிறது. எண்ணெய் பட்டால் இன்னும் விரைவில் மறைந்துவிடும். மை நாடாவைப் பயன்படுத்தி அச்சிடும் இயந்திரம் விலை கூடியது என்றாலும் சரக்கறைக்கு அதுவே பொருந்தும். அச்சியந்திரத்தில் தமிழ் எழுத்து வராது, கட்டம் கட்டமாக விழுகிறது. அதனால் பெயர்களை ஆங்கில எழுத்தில் பதிந்தோம். ஆளுக்கு ஒரு விதமாக எழுதியதில் உளுந்து மூன்று தனித்தனிப் பொருளாகப் பட்டியலில் நின்றது. தொடங்கும் முன்பே ஒருவர் மட்டும் பெயர் பதிய வேண்டும் என்று முடிவு செய்வது நல்லது.

மேல்மாடியில் வைஃபை எட்டுவதில்லை. இணைப்பு இல்லாதபோதும் கருவி எண்ணிக்கையைச் சேமித்துவைத்துக் கீழே வந்ததும் அனுப்பும் என்றார்கள், பெரும்பாலும் அனுப்புகிறது. அனுப்பி முடிக்கும் முன் செயலியை மூடிவிட்டால் எண்ணியது போய்விடும். ஒருமுறை அப்படிப் போன பிறகு மேலே ஒரு வைஃபை பெருக்கி மாட்டினோம். அதன் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மாற்று என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை. யூனிக்லோ, டெகாத்லான் போன்ற பெரிய கடைகளில் ஒவ்வொரு பொருளிலும் ரேடியோ அலையால் படிக்கப்படும் ஆர்.எஃப்.ஐ.டி. சில்லு பொருத்தப்படுகிறது, அங்கே கருவியை ரேக்கின் முன் அசைத்தாலே எண்ணிக்கை வந்துவிடும். துணிக்கு அது சரி. அந்த ரேடியோ அலைக்கு உலோகமும் திரவமும் ஆகாது. பித்தளைக் குத்துவிளக்கும் நல்லெண்ணெய்ப் போத்தலும் நிறைந்த எங்கள் மேல்மாடியில் அதைக் கொண்டுவந்து என்ன செய்வது? மறுபக்கம், ஐந்நூறு பொருளுக்குக் குறைவாக வைத்திருக்கும் சிறு கடைக்காரர் இந்தச் சந்தாவைக் கட்டத் தேவையில்லை. கைபேசிக் கேமராவில் பார்கோடு படித்து எக்செல்லில் ஏற்றும் இலவசச் செயலியே அவருக்குப் போதும். பாக்கெட் பொருள் மிகுதியாகவும் உதிரிச் சரக்கு குறைவாகவும் உள்ள நடுத்தரக் கடைக்குத்தான் இதைப் பரிந்துரைப்பேன்.

சேவை சுமார். மாதச் சந்தா, மேலே கணக்குப் போட்ட ஓர் இரவுச் செலவைவிடக் குறைவு என்பதால் விலையில் எனக்குக் குறையில்லை. வாட்ஸ்அப்பில் கேட்டால் மலாயிலோ ஆங்கிலத்திலோ பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பதில் கிடையாது. லிட்டில் இந்தியாவில் கூட்டம் மிகுந்த நாள் ஞாயிறு.

வாங்க நினைப்பவர்கள் செய்து காட்ட வருபவரைக் குளிரூட்டிய அலுவலக அறையில் உட்காரவைக்காமல் நேராகச் சரக்கறைக்கு அழைத்துப் போங்கள். பாதி பிரித்த ஒரு பெட்டி, சீட்டு ஒட்டிய ஒரு பாக்கெட், எடைக்கு விற்கும் ஒரு மூட்டை ஆகிய மூன்றையும் காட்டி, இவற்றை எப்படிப் பதிவது என்று கேளுங்கள். சந்தாவை நிறுத்தினால் உங்கள் பொருள்பட்டியலையும் பழைய எண்ணிக்கைகளையும் எக்செல் கோப்பாகத் தருவார்களா என்பதையும் கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் மேலும் ஓராண்டுக்குச் சந்தாவை நீட்டித்திருக்கிறோம். பாக்கெட் பொருள்கள் ஸ்கேனரில் ஓடுகின்றன. பின்கட்டு மூட்டைகளுக்கு மட்டும் அக்கா இன்னும் தாள்தான் அச்சடித்துத் தருகிறார், கணக்குப்படி இருக்க வேண்டிய எண்ணை மறைத்துவிட்டு.